ரெட் சோவைன்: லாரி ஓட்டாதவர் சொன்ன லாரிக்காரர் கதைகள்

தட்டுச்சேகரன்

இந்த இணைய மன்றத்தில் கன்ட்ரி இசை (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) என்று பேச்செடுத்தால் ஜானி கேஷ், வில்லி நெல்சன், டாலி பார்ட்டன் ஆகிய மூவரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நெடுஞ்சாலை டிரைவர்களின் கதைகளைச் சொல்லியே பெயர் வாங்கிய அமெரிக்கப் பாடகர் ரெட் சோவைனுக்கு ஓர் உரையாடல் இழை வேண்டும். யாரும் தொடங்காததால் நானே தொடங்குகிறேன்.

1917இல் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். இயற்பெயர் வுட்ரோ வில்சன் சோவைன். அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதியின் பெயரைப் பெற்றோர் அப்படியே வைத்துவிட்டார்கள். பகலில் காலுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை, மற்ற நேரத்தில் உள்ளூர் வானொலியில் பாட்டு என்று சில காலம் ஓடியது. பிறகு லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டுக்குப் போனார். 1949இல் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் அந்த ஊரைவிட்டுக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் கிளம்பியபோது, அவர் நடத்திவந்த சர்க்கரைப்பாகு விளம்பர வானொலி நிகழ்ச்சி இவர் கைக்கு வந்தது. 1956இல் வெப் பியர்ஸோடு சேர்ந்து பாடிய 'வொய் பேபி வொய்' கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பெரிய வெற்றி எதுவும் இல்லை.

1965இன் கடைசியில் 'கிட்டியப் கோ' வந்தது. பின்னணியில் கிட்டார் மெல்ல நடக்க, இவர் பாடவே இல்லை, பேசினார். ஒரு டிரைவர் புது லாரி வாங்குகிறார். சின்ன மகன் அதற்கு வைத்த 'கிட்டியப் கோ' என்ற பெயரைப் பலகையில் எழுதிப் பின்னால் மாட்டுகிறார். வேலை முடிந்து ஒருநாள் வீடு திரும்பினால் மனைவியும் இல்லை, மகனும் இல்லை. பல ஆண்டுகள் கழித்துச் சாலையில் தன்னைக் கடந்து போகும் லாரியின் பின்புறத்தில் அதே பெயர் எழுதியிருக்கிறது. ஓட்டிப்போவது மகன். 1966 தொடக்கத்தில் இது ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது.

அதன்பின் 1967இல் 'ஃபான்டம் 309', 1976இல் 'டெடி பேர்'. இந்த மூன்றையும் கேட்டவர்கள் பேசுங்கள். கேட்காதவர்கள் கேட்டுவிட்டு வாருங்கள். மூன்றும் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது.

எதிர்க்கட்சி

கேட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். இது கண்ணீர் வியாபாரம்.

'டெடி பேர்' கதையைப் பாருங்கள். நடக்க முடியாத சிறுவன். லாரி டிரைவரான அப்பா பனிப்புயலில் சிக்கி இறந்துபோனார். அம்மா வேலைக்குப் போகிறாள், இரவில் அழுகிறாள். சிறுவன் அப்பாவின் பழைய சிபி வானொலியில் (டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறுந்தூர இருவழி வானொலி) பேசி, தன்னை லாரியில் ஒரு சுற்று அழைத்துப்போக யாராவது வருவார்களா என்று கேட்கிறான். கதைசொல்லி அவசரச் சரக்கோடு போகிறவர், அப்படியே வண்டியைத் திருப்புகிறார். போய்ப் பார்த்தால் மூன்று தெரு நீளத்துக்குப் பதினெட்டுச் சக்கர லாரிகள் வரிசையில் நிற்கின்றன. முறை வைத்துச் சிறுவனை ஏற்றிப்போகிறார்கள். போகும்போது பணமும் திரட்டிக் கொடுக்கிறார்கள். கடைசியில் அம்மாவே வானொலியில் வந்து நன்றி சொல்லி அழுகிறாள்.

ஊனம், அனாதை நிலை, விதவைத் தாய், பனிப்புயல். இன்னும் ஒரு நாய்க்குட்டிதான் பாக்கி. (அதே ஆண்டில் 'லிட்டில் ஜோ' என்று நாயை வைத்தும் ஒன்று வெளியிட்டார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.)

இந்த மனிதர் பிழைப்புக்காக லாரி ஓட்டியவரும் அல்லர். காலுறைத் தொழிற்சாலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ரொறன்ரோ வண்டிக்காரன்

நான் ஓட்டுகிறேன். ஒன்ராறியோவிலிருந்து எல்லை தாண்டி டென்னசி, ஜோர்ஜியா வரைக்கும் ஐம்பத்து மூன்றடி டிரெய்லர். ஆகவே இந்த 'லாரி ஓட்டாதவர்' வாதத்துக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

பாடுகிறவர் வண்டி ஓட்டினாரா என்று எந்த டிரைவரும் விசாரிப்பதில்லை. பாட்டில் வரும் டிரைவர் டிரைவரைப்போல நடந்துகொள்கிறாரா என்றுதான் பார்ப்போம். 'டெடி பேர்' சரியாகத் தொடங்குகிறது. தென்மாநிலச் சிற்றூர் ஒன்றின் விளிம்பு, இருட்டுவதற்குள் போய்ச் சேரவேண்டிய அவசரம், 19ஆம் சானலில் ஓயாத சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குழந்தையின் குரல். இதில் எனக்குப் பொய்யாகப் படுவது ஒன்றுதான். அவசரச் சரக்கைத் தாமதமாக்கினால், வண்டிகளை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச்காரர் என்ன பேசுவார் என்பதை இவர் பாட்டில் சொல்லவில்லை.

இன்று சிபி வானொலி வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். என் வண்டியில் இருக்கிறது. பனி நாட்களில் முன்னால் விபத்து என்றால் தொலைபேசிக்கு முன்பே அதில் செய்தி வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் வசைதான்.

'ஃபான்டம் 309' பற்றிச் சேகரன் ஐயா எழுதட்டும். அதை நான் இரவில் தனியாக ஓடும்போது போடுவதில்லை.

நீலவேணி

எதிர்க்கட்சி அண்ணா, 'டெடி பேர்' பாட்டைத் தனியாக எடுத்து வைத்தால் நீங்கள் சொல்வது நியாயம்போலத் தெரிகிறது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்கு வேறொன்று பட்டது.

முதல் கதையில் மகனை இழந்த அப்பா. இரண்டாவதில் பள்ளிப் பேருந்து நிறைய இருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பிச் செத்துப்போகும் டிரைவர். மூன்றாவதில் அப்பாவை இழந்த மகன். மூன்றிலும் குழந்தை இருக்கிறது, மூன்றிலும் வீட்டில் இல்லாத அப்பா இருக்கிறார். மற்றவர்களின் லாரிப் பாட்டுகளில் காதலி வருவாள், போலீஸ் வரும், சாப்பாட்டுக் கடைப் பணிப்பெண் வருவாள். இவருடைய பாட்டுகளில் பிள்ளை வருகிறது.

வாரக்கணக்கில் வீடு திரும்பாத ஆட்களுக்கு இரவு இரண்டு மணிக்கு மனத்தில் உறுத்துவது எது? பிள்ளை வளர்வதைப் பார்க்காமல் போவதுதான். சோவைன் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, அங்கேயே மூன்று தடவை போய் நிற்கிறார். இதை வியாபாரம் என்றும் சொல்லலாம். ஆனால் யாருக்கு எது வலிக்கும் என்று தெரிந்து செய்த வேலை.

நம்மைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இவ்வளவு அழுகையா என்று கேட்கிறோம். அவர் நம்மிடம் பேசவில்லை.

வானொலிப்பெட்டி

சிபி பற்றிச் சில செய்திகள். இவை தெரியாமல் 'டெடி பேர்' ஏன் 1976இல் வந்தது என்பது விளங்காது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. அமெரிக்காவில் டீசல் விலை ஏறியது, பல இடங்களில் கிடைக்கவும் இல்லை. எரிபொருளை மிச்சப்படுத்த நாடு முழுவதும் மணிக்கு 55 மைல்தான் உச்சவேகம் என்ற சட்டத்தில் 1974 ஜனவரியில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்டார். மைல் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு வேகம் குறைந்தால் வருமானமும் குறையும். சொந்த வண்டி வைத்திருந்தவர்கள் கொதித்துப்போய் 1973 டிசம்பரிலேயே நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். அந்த மறியலுக்கு ஆள் சேர்த்தது, எந்தப் பெட்ரோல் பங்கில் டீசல் இருக்கிறது என்று சொன்னது, போலீஸ் எங்கே ரேடாரோடு பதுங்கியிருக்கிறது என்று எச்சரித்தது, எல்லாமே சிபிதான்.

27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 4 வாட் திறன், அன்றைக்கு 23 சானல்கள் (1977இல்தான் 40 ஆயின). 9ஆம் சானல் அவசரத்துக்கு, 19ஆம் சானல் லாரிக்காரர்களுக்கு. அன்றைக்கு லைசென்ஸ் வாங்கவேண்டியிருந்தது, ஆனால் விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் குவிந்ததால் அரசு தற்காலிக அனுமதி கொடுக்கத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர். அந்தச் சிறுவனின் புனைபெயர்தான் டெடி பேர்.

வீட்டு மாடியில் நல்ல ஆன்டெனா இருந்தால் 4 வாட்டில் சுற்றுவட்டாரச் சாலைகள் முழுவதும் கேட்கும். ஆக ஒரு சிறுவன் வீட்டிலிருந்து பேசி, கடந்துபோகும் லாரிக்காரர்கள் கேட்டுத் திரும்பி வருவது தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமே. இன்னொரு செய்தி, இதை வானொலிக்காரர்கள் மட்டும் ரசிப்பார்கள்: 1976இல் சூரியப் புள்ளிகள் மிகக் குறைந்த நிலையில் இருந்தன. தொலைதூரத்து நிலையங்கள் குறுக்கே வந்து இரைச்சல் போடுவது அந்த ஆண்டு குறைவு. பையனுக்கு அதிர்ஷ்டம்.

எதிர்க்கட்சி

வானொலிப்பெட்டி, நீங்கள் என் வாதத்துக்குத்தான் ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

சி. டபிள்யூ. மெக்காலின் சிபி பாட்டான 'கான்வாய்' 1976 ஜனவரியில் பாப் பட்டியலிலும் கன்ட்ரி பட்டியலிலும் முதலிடம். மெக்கால் என்பதே ஒரு விளம்பரக் கம்பெனி ஊழியர் உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். ரொட்டி விளம்பரத்துக்காகப் பிறந்த லாரிக்காரன். அது ஓடியதும் நாஷ்வில்லில் எல்லோரும் சிபி பாட்டுக்கு அலைந்தார்கள். சில மாதங்களில் சோவைனும் 'டெடி பேர்' பாட்டோடு வந்துவிட்டார். பாட்டெழுதியவர்கள் நான்கு பேர்: டேல் ராயல், பில்லி ஜோ பர்னெட், டாமி ஹில், சோவைன். ஒரு கண்ணீருக்கு நான்கு பேர் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள்.

'கான்வாய்' பாட்டிலாவது கோபம் இருக்கிறது. அது வேகச் சட்டத்தை மீறுகிறது, சுங்கச்சாவடியை உடைத்துக்கொண்டு போகிறது. சோவைனின் லாரிக்காரர்கள் எதையும் எதிர்ப்பதில்லை. டீசல் விலை, 55 மைல், கந்துவட்டிக்கு வாங்கிய வண்டி, ஒன்றும் கிடையாது. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அழுகிறார்கள்.

தட்டுச்சேகரன்

நான்கு பேர் எழுதினால் என்ன? நாஷ்வில்லில் அது வழக்கம்தான். அதிலும் டாமி ஹில் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டவர் அல்லர். 'கிட்டியப் கோ' எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஆனால் இப்போது 'ஃபான்டம் 309'. இதை எழுதியவர் டாமி ஃபெய்ல், சோவைன் 1967இல் பதிவு செய்தார், கன்ட்ரி பட்டியலில் ஒன்பதாம் இடம்வரை போனது. அழுகை பற்றிப் புகார் சொல்கிறவர்கள் இதன் கட்டமைப்பைப் பாருங்கள்.

மேற்குக் கரையில் பிழைப்புத் தேடிப்போய் ஒன்றும் அமையாமல், கை காட்டி வண்டி ஏறி ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறான் ஒருவன். மழை. ஒரு சாலைச் சந்திப்பில் நனைந்துகொண்டு நிற்கும்போது பெரிய லாரி ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டுகிறவர் தன் பெயர் பிக் ஜோ என்கிறார், வண்டியின் பெயர் ஃபான்டம் 309. பேசிக்கொண்டே போகிறார்கள். ஒரு சாப்பாட்டுக் கடை விளக்கு தெரிந்ததும் இறக்கிவிட்டு, 'இந்தா, காபி குடி' என்று பத்து சென்ட் நாணயம் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். இவன் உள்ளே போய்க் காபி கேட்டு, 'பிக் ஜோ வாங்கித் தருகிறார்' என்கிறான். கடையே அமைதியாகிவிடுகிறது. பரிமாறுகிறவர் முகம் வெளுத்துவிடுகிறது. அந்தச் சந்திப்பில்தான் பல ஆண்டுகளுக்கு முன் ஜோ ஒரு பள்ளிப் பேருந்துக்காக வண்டியைத் திருப்பினார் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. அந்த நாணயத்தை நீயே வைத்துக்கொள் என்று சொல்லி இன்னொரு காபியும் கொடுக்கிறார்கள்.

பேய் என்று வெளிப்படையாகச் சொல்லாமலே கதை முக்கால் பங்கு ஓடிவிடுகிறது. முதல் தடவை கேட்கும்போது வண்டியின் பெயரைக் கவனித்தாலும் சந்தேகம் வராது, ஏனென்றால் லாரிக்காரர்கள் வண்டிக்கு இப்படிப் பெயர் வைப்பது சகஜம். இரண்டாம் தடவை கேட்கும்போது ஒவ்வொரு வரியும் வேறாக ஒலிக்கிறது. ஆரம்பத்தில் அவன் நின்ற இடமே சாவு நடந்த இடம். நாணயம் கையில் கனமாக இருக்கிறது, கொடுத்த ஆள் இல்லை. ஒரு சிறுகதைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சோவைனின் குரலையும் சொல்லவேண்டும். பயமுறுத்த அவர் முயல்வதே இல்லை. பக்கத்து இருக்கையில் இருக்கிறவரிடம் சொல்வதுபோலச் சொல்கிறார். பாடகர் டாம் வெயிட்ஸ் 1975இல் பார்வையாளர்களை ஸ்டுடியோவுக்குள் உட்காரவைத்துப் பதிவுசெய்த 'நைட்ஹாக்ஸ் அட் த டைனர்' இசைத்தட்டில் இதே கதையைத் தன் பாணியில் சொல்கிறார். அவருடையதில் புகையும் கரகரப்பும் அதிகம், நடிப்பும் அதிகம். எனக்கு வெயிட்ஸ் மிகவும் பிடிக்கும். இந்தக் கதைக்குச் சோவைன்தான்.

மழைநாள்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லாரிப் பாட்டு என்று ஒரு தனி வகையே எப்படி உருவானது? இங்கே படகோட்டிப் பாட்டு, வண்டிக்காரன் பாட்டு இருப்பதுபோல டிரைவர்களே பாடிக்கொண்டதா?

தட்டுச்சேகரன்

இல்லை. இது தொடக்கத்திலிருந்தே இசைத்தட்டுக்காரர்கள் டிரைவர்களுக்காகச் செய்தது.

டெக்சாஸ்காரரான டெட் டாஃபன் 1930களின் இறுதியில் ஒரு காட்சியைக் கவனித்தார் என்பார்கள். சாலையோரக் கடைக்குள் வரும் லாரி டிரைவர், சாப்பாடு சொல்வதற்கு முன்பே ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப்பெட்டியில் காசு போடுகிறார். அப்படியென்றால் அவரைப் பற்றியே ஒரு பாட்டு இருந்தால்? 'டிரக் டிரைவர்ஸ் ப்ளூஸ்' அப்படிப் பிறந்தது. 1939இல் கிளிஃப் புரூனரின் குழு பதிவுசெய்தது. 1954இல் டெர்ரி ஃபெல் 'டிரக் டிரைவிங் மேன்' பாடினார். 1956இல் ஐசன்ஹோவர் காலத்து நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது, 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் சாலைகளுக்குத் திட்டம் போட்டார்கள். ரயிலில் போன சரக்கு லாரிக்கு மாறியது. டிரைவர்களும் பெருகினார்கள், அவர்களுக்கான கடைகளும் பெருகின.

1963இல் டேவ் டட்லியின் 'சிக்ஸ் டேஸ் ஆன் த ரோடு' வெடித்தது. கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம். அதன்பின் வெள்ளம். 1965இல் டிக் கர்லெஸ் மெய்ன் மாநிலத்தின் ஹேன்ஸ்வில் காட்டுச் சாலையைப் பற்றிப் பாடினார். உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு பனியில் பாஸ்டன் போகிறவர்கள் செத்து விழுந்த வழி அது. செத்தவர்களுக்கெல்லாம் கல் நட்டால் மைலுக்கு ஒரு கல்லறை நிற்கும் என்பது பாட்டு. கலிஃபோர்னியாவில் ரெட் சிம்ப்சன். சோவைன் பதிவுசெய்த ஸ்டார்டே நிறுவனம் லாரிப் பாட்டுகளை மட்டும் தொகுத்துத் தொகுத்து இசைத்தட்டு போட்டது. அட்டையில் கட்டாயம் ஒரு பளபளப்பான லாரி இருக்கும். இப்படிப்பட்ட இரண்டு மூன்று தட்டுகள் என்னிடம் உள்ளன. பாட்டைவிட அட்டைக்காக வாங்கியவை.

வானொலிப்பெட்டி

ஜூக்பாக்ஸோடு இரவு வானொலியையும் சேருங்கள். 50,000 வாட் நடுத்தர அலை நிலையங்கள் பகலில் பக்கத்து மாவட்டங்களோடு நின்றுவிடும், இருட்டியபின் அலைகள் வானில் பட்டுத் திரும்பிப் பல மாநிலங்களுக்குக் கேட்கும். ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூபிஏபி நிலையத்தில் பில் மேக் 1969 முதலும், நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் நிலையத்தில் சார்லி டக்ளஸ் 1971 முதலும் விடிய விடிய லாரிக்காரர்களுக்கென்றே நிகழ்ச்சி நடத்தினார்கள். சாலை நிலவரம், வானிலை, பாட்டு, டிரைவர்கள் வீட்டுக்குச் சொல்லச் சொன்ன செய்தி.

பேச்சாகவே ஓடும் ஐந்து நிமிடக் கதை அந்த நேரத்துக்கு மிகவும் பொருத்தம். பாட்டென்றால் எஞ்சின் சத்தத்தில் பாதி வரிகள் போய்விடும். நடுத்தர அலையில் மனிதக் குரல்தான் நிற்கும்.

ரொறன்ரோ வண்டிக்காரன்

இது உண்மை. எனக்கும் இரவில் பாட்டைவிடப் பேச்சுதான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது.

எதிர்க்கட்சிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. சோவைனிடம் எதிர்ப்பு இல்லை என்றீர்கள். டட்லியின் பாட்டில் இருக்கிறது, சரி. எடை அதிகம், ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் லாக் புக் எழுதவில்லை, கண் விழிக்க வெள்ளை மாத்திரை போட்டிருக்கிறான், எடைச் சாவடியைத் தப்பித்துப் போகிறான். ஆறு நாள் கழித்து இன்றிரவு வீட்டுக்குப் போகிறேன் என்ற ஒரே நினைப்பு. அந்தக் காலத்துச் சட்டப்படி பத்து மணி நேரம் ஓட்டினால் எட்டு மணி நேரம் ஓய்வெடுக்கவேண்டும். தாளில் எழுதும் லாக் என்பதால் இரண்டு புத்தகம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. இன்று அமெரிக்காவில் பதினொரு மணி நேரம், அதுவும் வண்டியின் எஞ்சினோடு இணைத்த மின்னணு லாக். 2017 டிசம்பரிலிருந்து கட்டாயம். பொய் எழுத இடமில்லை.

ஆக டட்லியின் பாட்டு எனக்கு இப்போது ஒரு பழைய காலத்துச் சாகசக் கதை மட்டும்தான். அவனுடைய உலகம் போய்விட்டது. ஆனால் 'கிட்டியப் கோ' போகவில்லை. பிள்ளையின் பிறந்தநாளை இன்னும் வண்டிக்குள்ளிருந்து காணொளி அழைப்பில்தான் பார்க்கிறோம். எதிர்ப்புப் பாட்டுக்கு வயதாகிவிட்டது, அழுகைப் பாட்டுக்கு ஆகவில்லை. இதை நீங்கள் கணக்கில் எடுக்கவேண்டும்.

நீலவேணி எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். 'அந்த மனைவி ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லையா?' என்றாள்.

நீலவேணி

கேட்டிருக்கிறார்கள்! அடுத்த ஆண்டே. நாஷ்வில்லின் கன்ட்ரி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் விலைச்சீட்டு தொங்கும் தொப்பியோடு சிரிக்கவைத்தாரே மின்னி பெர்ல், அவர் 1966இல் 'கிட்டியப் கோ' கதைக்கு மனைவியின் பக்கத்திலிருந்து பதில் பாட்டு வெளியிட்டார். நகைச்சுவையே இல்லாமல், அதே பேச்சுப் பாணியில். கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. பதில் பாட்டுகள் அந்த இசையில் பெரிய வழக்கம். 'டெடி பேர்' வந்தபோதும் டயானா வில்லியம்ஸ் என்ற பாடகி அதன் தொடர்ச்சியாக, சிறுவனின் கடைசிப் பயணத்தைச் சொல்லும் பாட்டை அதே 1976இல் வெளியிட்டார். (எதிர்க்கட்சி அண்ணா, அதை நீங்கள் கேட்கவேண்டாம். உடம்புக்கு ஆகாது.)

ஆனால் உங்கள் மனைவியின் கேள்வி சோவைனின் கதைகளில் இருக்கும் பெரிய ஓட்டையைத் தொடுகிறது. அவருடைய பெண்கள் ஒன்று போய்விடுகிறார்கள் அல்லது அழுகிறார்கள். 'டெடி பேர்' தாய் கடைசியில்தான் வாய் திறக்கிறாள், அதுவும் நன்றி சொல்ல. கணவன் செத்து, நடக்க முடியாத பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவள் அவள். கதையில் அதிகமாக உழைப்பவளும் அவள்தான். அப்பாக்களின் குற்ற உணர்வை இவ்வளவு நுட்பமாகப் பிடித்தவருக்கு அம்மாக்களின் களைப்பு தெரியவில்லை. இதை நான் அவர்மேல் வைக்கும் குறை. அழுகை ஒரு குறையே அல்ல.

எதிர்க்கட்சி

இந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன், பார்த்தீர்களா, நமக்குள் ஒற்றுமை வந்துவிட்டது.

'டெடி பேர்' மட்டும் கடல் கடந்து எப்படி ஓடியது? ஐரோப்பாவிலும் கேட்டிருக்கிறேன்.

வானொலிப்பெட்டி

சிபியின் தோளில் ஏறித்தான். பிரிட்டனில் அப்போது சிபி சட்டவிரோதம், ஆனால் 1980, 81இல் கள்ளத்தனமாக ஆயிரக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். சட்டபூர்வமாக்கு என்று கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 1981 கோடையில் 'டெடி பேர்' அங்கே நான்காம் இடம் பிடித்தது. அந்த நவம்பரில் அரசு அனுமதி கொடுத்தது. ஜெர்மன் மொழியில் ஜானி ஹில் என்ற ஆஸ்திரியப் பாடகர் 1970களின் இறுதியில் இதே கதையைச் சொல்லிப் பெரும் வெற்றி பெற்றார்.

பிரிட்டனில் அது ஓடியபோது சோவைன் உயிரோடு இல்லை.

தட்டுச்சேகரன்

ஆம். 1980 ஏப்ரல் 4. நாஷ்வில்லில் தன் வேனை ஓட்டிக்கொண்டு போகும்போது மாரடைப்பு வந்து வண்டி மோதியது. வயது 62. சாலைக் கதை சொன்னவர் ஸ்டீயரிங் பிடித்தபடியே போனார் என்று இசைத்தட்டு அட்டைகளில் இதை ஒரு அலங்காரமாக எழுதுவார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. மாரடைப்பு மாரடைப்புதான்.

அவரைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 1962இல் மான்டானாவில் நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் சோவைனும் இன்னொரு பாடகரான ரெட் ஃபோலியும் ஓர் இளைஞர் பாடுவதைக் கேட்டார்கள். உலோகம் உருக்கும் ஆலையில் வேலை, அதோடு பேஸ்பால். கறுப்பினத்தவர். கன்ட்ரி இசையில் அன்றைக்குக் கறுப்பினத்தவர்களுக்கு வாசல் அடைத்திருந்தது. நாஷ்வில்லுக்கு வா, இன்ன அலுவலகத்துக்குப் போய்ப் பார் என்று ஊக்கம் கொடுத்தார்கள். மறு ஆண்டு பேஸ்பாலில் நியூயார்க் மெட்ஸ் அணி அவரைத் திருப்பி அனுப்பியது. ஊர் திரும்பும் வழியில் நாஷ்வில்லில் இறங்கினார். அவர்தான் சார்லி பிரைட். பின்னாளில் கன்ட்ரி இசையில் ஏறத்தாழ முப்பது முதலிடப் பாட்டுகள் கொடுத்தவர். வழியில் நிற்பவரை ஏற்றிக்கொள்ளும் லாரிக்காரரைப் பாட்டில் சொன்னவர், பாட்டுக்கு வெளியிலும் ஒரு தடவை அதைச் செய்திருக்கிறார்.

மழைநாள்

மூன்றையும் கேட்டேன். 'ஃபான்டம் 309' இரண்டு தடவை. ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் தடுமாறும், ஆனால் அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்வதால் பிடிபட்டது. 'டெடி பேர்' பாட்டில் ஈரடிக்கு ஈரடி எதுகைபோல ஒலி முடிவது தெரிந்தது. பேச்சென்று நினைத்தது செய்யுள்!

அடுத்து எதைக் கேட்கலாம்? அழாமல் கேட்கும்படி ஏதாவது இருந்தால் நல்லது.

எதிர்க்கட்சி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், உங்களைச் சேகரனிடம் விட்டால் இன்னும் நான்கு அனாதைகளை அனுப்புவார்.

ரெட் சிம்ப்சனின் 'ஐ'ம் எ டிரக்' கேளுங்கள், 1971. இங்கே பேசுவது டிரைவர் அல்ல, லாரியே. எல்லோரும் டிரைவரைப் பற்றிப் பாடுகிறார்கள், நாங்கள் இல்லாவிட்டால் டிரைவர் ஏது என்று தொடங்கி, தன்னை ஓட்டுகிறவனைப் பற்றி வண்டி வண்டியாகப் புகார் சொல்கிறது. மலையேறியது யார், சரக்கைச் சேர்த்தது யார், பெயர் வாங்குவது யார் என்கிறது. ஓட்டுகிறவன் கடையில் பணிப்பெண்ணிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, இது வெளியே நின்று புலம்புகிறது. கன்ட்ரி பட்டியலில் நான்காம் இடம்வரை போனது.

'ஃபான்டம் 309' நல்ல கதை, அதை நான் மறுக்கவில்லை. 'டெடி பேர்' எனக்கு இன்னும் ஆகாது.

ரொறன்ரோ வண்டிக்காரன்

அந்த லாரிப் புலம்பலை நான் கேட்டதில்லை. நாளைக்கு நாஷ்வில் பக்கம்தான் சரக்கு, போகும்போது போடுகிறேன். என் வண்டிக்குக் கேட்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், ஏற்கெனவே டர்போ மாற்றச் சொல்லி விளக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறது.